மயில்துத்தத்தைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டவர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன விடுமுறையில் நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி வந்து எங்களைச் சந்தித்தாள். ஓ.எல். வரை எங்களிடம் படித்தவள். இப்போது வெளியூரில் தங்கி ஏ.எல். விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறாள். கையில் ஒரு கேள்வி கொண்டு வந்திருந்தாள். செப்பு சல்பேற்றில் உள்ள செம்பு அயனில் சோடி சேராத இலத்திரன் ஒன்று இருக்கிறது, ஆகவே அது காந்தத்தால் கவரப்படும் என்று புத்தகம் சொல்கிறது. அவள் பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை நீலப் பளிங்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றுமே நடக்கவில்லை. "சேர், புத்தகம் பொய்யா, இல்ல என்ட காந்தம் பொய்யா?" என்று கேட்டாள்.

அவள் கேட்காமல் மனதில் வைத்திருந்த இன்னொரு கேள்வியும் உண்டு. அதை அவளுடைய வாப்பா பிறகு எங்களிடம் கேட்டார். போர்டிங் காசு, டியூஷன் காசு, பஸ் காசு எல்லாம் கட்டி இந்தப் படிப்பு எதற்கு, கலைப் பிரிவுக்கு மாறினால் வீட்டிலிருந்தே படிக்கலாமே என்றார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு எங்களிடம் ஒரு வரிப் பதில் இல்லை. முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைச் சொல்லப் போனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டிவரும்.

அவர் பெயர் கே. எஸ். கிருஷ்ணன். கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4இல் தமிழ்நாட்டில் வத்திராயிருப்பு என்ற ஊரில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற சிற்றூர் அது. நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களில் பலர் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மண்ணிலிருந்து வந்தவர்தான் இவரும். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார்.

உலகம் இவரைப் பௌதிகவியலாளர் என்றே அழைக்கிறது. ஆனால் அவர் பார்த்த முதல் உத்தியோகம், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இரசாயனப் பிரிவின் செய்முறை உதவியாளர் வேலை. குடுவை கழுவி, கரைசல் கலந்து, மாணவருக்குச் செய்து காட்டுகிற வேலை. அந்த நாட்களில் மதிய சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு கலந்துரையாடல் நடத்தினார். பௌதிகம், இரசாயனம், கணிதம், எதைப் பற்றியும் கேட்கலாம். மற்றக் கல்லூரி மாணவர்களும் அதைக் கேட்க வந்தார்கள். பாடவேளைக்கு வெளியே, சம்பளமில்லாத நேரத்தில் நடந்த வகுப்பு அது. வாத்தியார்களாகிய எங்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் குத்துகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

1920இல் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே இருந்தவர் சி. வி. ராமன். 1923இலிருந்து இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் ராமனோடு வேலை செய்தார். 1928 பெப்ரவரியில் ஒளிச்சிதறல் பற்றிய அந்தப் பெரிய கண்டுபிடிப்பு வந்தது. 'நேச்சர்' இதழில் வெளியான முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்களும் இருக்கின்றன. அந்த மாதத்தில் ஆய்வுகூடத்தில் நாளுக்கு நாள் என்ன நடந்தது என்பதற்குக் கிருஷ்ணனின் நாட்குறிப்பு ஒரு முக்கிய ஆதாரம். 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் சண்டை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதற்குள் போகப் போவதில்லை. அந்தச் சண்டையால் ஒரு நட்டம் நடந்திருக்கிறது என்பது மட்டும் எங்கள் கருத்து. கிருஷ்ணனைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் 1928 பெப்ரவரியிலேயே நின்றுவிடுகிறார்கள். அவருடைய சொந்த வேலை அந்த வருடக் கடைசியில்தான் தொடங்குகிறது.

1928 டிசம்பரில் அவர் கல்கத்தாவை விட்டுவிட்டு டாக்காப் பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போனார்.

டாக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1905இல் வங்காளத்தைப் பிரித்த ஆங்கிலேயர் 1911இல் அந்தப் பிரிவினையை இரத்துச் செய்தார்கள். கிழக்கு வங்காள முஸ்லிம்கள் மனம் நொந்துபோயிருந்தார்கள். நவாப் சலீமுல்லா போன்றவர்கள் வைஸ்ராய் ஹார்டிங்கைச் சந்தித்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு 1912இல் வாக்குறுதி கிடைத்தது. நடுவில் உலக யுத்தம் வந்து எல்லாவற்றையும் தாமதப்படுத்தியது. நவாப் 1915இல் மௌத்தானார். பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது 1921இல். கேட்டவர் பார்க்கவில்லை, ஆனால் பிள்ளைகள் படித்தார்கள்.

அந்தப் புதிய பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறை கர்சன் மண்டபம் என்ற சிவப்புக் கட்டடத்தில் இருந்தது. அங்கிருந்துதான் 1924இல் சத்தியேந்திர நாத் போஸ் ஐன்ஸ்டைனுக்குத் தன் கட்டுரையை அனுப்பினார். அதே துறையில் காஸி மோதஹர் ஹுசைன் கற்பித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் டாக்காவில் புள்ளிவிபரவியல் கல்வியைத் தொடங்கிவைத்தவர் அவர், வங்காள மொழியின் நல்ல எழுத்தாளர், சதுரங்கத்திலும் பெரிய ஆள். ஒரு வங்காள இந்து, ஒரு வங்காள முஸ்லிம், தெற்கிலிருந்து வந்த ஒரு தமிழ் பிராமணர், மூவரும் ஒரே துறையில் இருந்த காலம் அது.

இனி காந்தத்துக்கு வருவோம். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

காந்தம் இரும்பை இழுக்கும், நிக்கலையும் கோபாற்றையும் இழுக்கும், மற்றதெல்லாம் சும்மா இருக்கும் என்றுதான் நாம் சின்ன வகுப்பில் படித்தோம். அது முழு உண்மை இல்லை. 1845இல் மைக்கல் பரடே, சக்திவாய்ந்த காந்தத்தின் முன்னால் எல்லாப் பொருளும் ஏதோ ஒரு வகையில் அசைகிறது என்று காட்டினார். சில மெதுவாக இழுபடும், சில மெதுவாகத் தள்ளப்படும். இரும்போடு ஒப்பிட்டால் அந்த விசை மிக மிகச் சிறியது, அதனால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. இழுபடுகிறவற்றின் அணுக்களில் சோடி சேராத இலத்திரன்கள் இருக்கும். பரடே இன்னொன்றையும் கவனித்தார். சில பளிங்குகளைத் தொங்கவிட்டால் அவை காந்தத்தின் முன் ஒரு குறிப்பிட்ட பக்கமாகத் திரும்பி நிற்கின்றன. வடக்குத் தெரிந்த ஊசி மாதிரி. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய பையனாக இருந்தவர் இந்தப் பரடே என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

கிருஷ்ணன் கையில் எடுத்தது அந்தத் திரும்புதலைத்தான். பளிங்கு ஏன் ஒரு பக்கமாகத் திரும்புகிறது? ஏனென்றால் அதன் உள்ளே அணுக்களும் மூலக்கூறுகளும் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு திசையில் காந்தத்துக்கு அதிகமாக இசைகிறது, இன்னொரு திசையில் குறைவாக. அந்த வித்தியாசத்தை அளந்துவிட்டால், உள்ளே அடுக்கு எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம்.

எப்படி அளப்பது? அவரும் சாந்திலால் பானர்ஜி முதலான இளைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய முறை இன்றைக்கும் வியக்க வைக்கிறது. முடியை விட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் பளிங்கை ஒட்டி, காந்தத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவே தொங்கவிடுவார்கள். காந்தப் புலம் எல்லா இடத்திலும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அப்போது பளிங்கு எந்தப் பக்கமும் இழுபடாது, திரும்ப மட்டும் செய்யும். தனக்குப் பிடித்த திசை புலத்தோடு சேரும்படி திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல் நுனியை மெதுமெதுவாக முறுக்க வேண்டும். முறுக்கு பளிங்கைத் திருப்பப் பார்க்கும், காந்தம் விடாமல் பிடித்துக்கொள்ளும். பளிங்கு தன் இடத்திலிருந்து 45 பாகை விலகும் வரைதான் காந்தத்தின் பிடி கூடிக்கொண்டு போகும். அந்த இடத்தைத் தாண்டினால் பிடி தளர்ந்துவிடும், பளிங்கு சடாரென்று சுழன்றுவிடும். ஊஞ்சல் கயிற்றை முறுக்கிக்கொண்டே போய்க் கையை விட்டால் உள்ளே இருக்கிற பிள்ளை சுற்றுமே, அப்படி. சுழன்ற அந்தக் கணத்தில் மேல் நுனி எத்தனை பாகை முறுக்கப்பட்டிருந்தது என்று பார்த்தால் போதும். இழையின் விறைப்பு, பளிங்கின் எடை, புலத்தின் வலிமை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடை வந்துவிடும்.

ஒரு காந்தம், ஓர் இழை, ஒரு பாகைமானி, நிறையப் பொறுமை. முதன்மையாகத் தேவைப்பட்டவை இவைதான்.

1933இல் இந்த வேலைகள் இலண்டன் ரோயல் சொசைட்டியின் இதழில் வரிசையாக வெளிவரத் தொடங்கின. தலைப்பில் பரடே உண்டாக்கிய சொல்லையே வைத்திருந்தார்கள். முதல் பகுதி, காந்தத்தால் தள்ளப்படும் பளிங்குகள் பற்றியது. இரண்டாவது, இழுக்கப்படும் உலோக உப்புகள் பற்றியது. கிருஷ்ணனின் பெயரோடு குகா, பானர்ஜி, சக்ரவர்த்தி என்று வங்காள இளைஞர்களின் பெயர்களும் இருக்கின்றன.

உலோக உப்புகள் ஏன் முக்கியம்? ஏ.எல். பிள்ளைகள் சிக்கற் சேர்வைகள் என்று படிப்பார்கள். நடுவில் ஓர் உலோக அயன், சுற்றிலும் நீரோ அமோனியாவோ வேறு எதுவோ வட்டமிட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவில் இருப்பவரின் குணம் சுற்றி நிற்பவர்களால் மாறும். அல்பிரட் வேர்னர் 1893இல் இந்தக் கருத்தைச் சொல்லி 1913இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் சுற்றி நிற்பவர்கள் உள்ளே இருக்கிற இலத்திரன்களை எப்படி நெருக்குகிறார்கள்? 1929இல் ஹான்ஸ் பெத்தே அதற்கு ஒரு கணிதம் எழுதினார். வான் விளெக் என்ற அமெரிக்கர் அதைக் காந்தத்தோடு இணைத்தார். கணிதம் சரியா என்று பார்க்க யாராவது அளந்து காட்ட வேண்டுமே? நியூயோர்க்கில் ராபி என்ற மாணவர் 1927இல் இப்படியான சில உப்புகளை அளந்திருந்தார். அதன் பிறகு விரிவாக, உப்புக்கு உப்பு, திசைக்குத் திசை அளந்து எண்களைக் கொடுத்தது கிருஷ்ணனின் குழு. கோபாற்று உப்புகளில் திசைக்குத் திசை வித்தியாசம் பெரிது. நிக்கல் உப்புகளில் சிறிது. மங்கனீசு உப்புகளில் அதைவிட நுண்ணியது, அதையும் பிடித்தார்கள். கணிதம் எதிர்பார்த்த ஒழுங்கும் இதுதான்.

அதே காலத்தில் லாகூரில் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் என்ற இரசாயனவியலாளரும் காந்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரும் மாத்தூரும் 1928இல் செய்த காந்தத் தராசை இலண்டன் கம்பனி ஒன்று செய்து விற்றது. 1935இல் காந்த இரசாயனத்துக்கென்றே இருவரும் ஒரு நூல் எழுதினார்கள். லாகூர், டாக்கா, கல்கத்தா. இன்று மூன்று நகரங்களும் மூன்று நாடுகளில். அன்று ஒரே கேள்வி.

இப்போது அந்தப் பிள்ளையின் நீலப் பளிங்கு.

செப்பு சல்பேற்று, நம் பெரியவர்கள் மயில்துத்தம் என்பது, நமக்குப் புதிய பொருள் அல்ல. 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது அதை அடக்கியவை செம்பு கலந்த மருந்துகள்தான். மருந்தடித்து நீலம் பாரித்த கையோடு லயத்துக்குத் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

கிருஷ்ணன் 1933இல் கல்கத்தாவுக்குத் திரும்பி, மகேந்திரலால் சர்க்கார் பெயரிலான பேராசிரியர் பதவியை ஏற்றார். அங்கே முகர்ஜி என்ற ஆய்வாளரோடு இந்தத் துத்தப் பளிங்கைத் தொங்கவிட்டார். 1936இலும் 1938இலும் முடிவுகள் அமெரிக்க இதழில் வந்தன. துத்தப் பளிங்கு வெளியே பார்க்கக் கோணலானது. எந்த மூலையும் நேர்மூலை இல்லை, சரிந்த பெட்டி மாதிரி. ஆனால் காந்தத்தின் முன் அது ஏறக்குறைய ஒரே ஓர் அச்சைச் சுற்றிச் சமமாக நடந்துகொண்டது. கோணல் பெட்டிக்கு இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? உள்ளே இரண்டு வகையாகத் திரும்பிய செம்பு அயன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நான்கு நீர் மூலக்கூறுகள் சதுரமாகச் சுற்றி நிற்கின்றன, மேலும் கீழும் சல்பேற்றின் ஒட்சிசன் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. ஒரு செம்பின் அச்சும் மற்றதன் அச்சும் கிட்டத்தட்டச் செங்குத்து. இரண்டையும் கூட்டினால் அந்த ஒழுங்கு வருகிறது. 1934இல் இங்கிலாந்தில் பீவர்ஸும் லிப்சனும் எக்ஸ் கதிர் கொண்டு கண்ட அமைப்பும் இதுவே. கல்கத்தாவில் இழையில் தொங்கிய பளிங்கும் அதையே சொன்னது. (சூடாக்கினால் நீலம் போய் வெள்ளையாகிறதே, அது சுற்றி நின்ற நீர் போவதால்தான். ஓ.எல். பிள்ளைகள் செய்து பார்த்திருப்பீர்கள்.)

ஆகவே புத்தகம் பொய் சொல்லவில்லை மகளே. உன் காந்தமும் பொய் இல்லை. அது பலவீனமானது, பளிங்கை மேசை மேல் வைத்ததும் பிழை. அந்தச் சின்ன விசைக்கு மேசையின் உராய்வே போதும், அசையாது.

நம் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. கேகாலை மாவட்டத்தின் போகலைக் காரீயச் சுரங்கத்தை எல்லோரும் அறிவீர்கள். காரீயம் தாள் தாளாக உரிகிற பொருள், கையில் தேய்த்தால் வழுக்கும். அது காந்தத்தால் தள்ளப்படுகிற வகை. 1930களில் கிருஷ்ணன் காரீயப் பளிங்கை ஆராய்ந்தார். தாளுக்குச் செங்குத்தான திசையில் அந்தத் தள்ளல் தாளின் வழியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று கண்டார். பிறகு கங்குலியோடு சேர்ந்து, மின்சாரமும் தாளின் வழியே ஓடுவதுபோல் குறுக்கே ஓடுவதில்லை, ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் என்று 1939இல் எழுதினார். நாம் கப்பலில் ஏற்றிவிட்ட கல்லுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

இதெல்லாம் எதற்கு உதவியது என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 1936இல் லைனஸ் போலிங்கும் கோர்யெல்லும் இரத்தத்தைக் காந்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒட்சிசன் ஏறிய இரத்தம் காந்தத்தால் தள்ளப்படுகிறது, ஒட்சிசன் இறங்கிய இரத்தம் இழுபடுகிறது. ஹீமோகுளோபினும் நடுவில் இரும்பு உள்ள ஒரு சிக்கற் சேர்வைதான். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் பார்ப்பது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். சிலருக்கு ஸ்கேனுக்கு முன் கையில் ஊசி ஏற்றுவார்கள். அதில் பெரும்பாலும் கடோலினியம் என்ற உலோகம் இருக்கும், சோடி சேராத இலத்திரன் ஏழு கொண்டது. தனியாக உடம்புக்குள் போனால் நஞ்சு. அதனால் சுற்றிலும் ஒரு கூடு கட்டி அடைத்து ஏற்றுகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் நடுவில் இருப்பவரை மாற்றுவார்கள் என்று மேலே சொன்னோமே.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1936இல் பளிங்கு ஆய்வாளர் கத்லீன் லொன்ஸ்டேல் அம்மையாரோடு கூட்டுக் கட்டுரை, 1940இல் ரோயல் சொசைட்டி உறுப்பினர், 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1946இல் சேர் பட்டம், 1947இல் டில்லியின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் பணிப்பாளர், 1954இல் பத்மபூஷண். காந்தத்தை விட்டு வேறு துறைகளுக்கும் போனார். நிர்வாகம் அவருடைய நேரத்தை நிறையத் தின்றுவிட்டது என்பது எங்கள் அபிப்பிராயம். 1961 ஜூனில் காலமானார். லொன்ஸ்டேலும் ஹோமி பாபாவும் சேர்ந்து அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதினார்கள்.

வாப்பாவிடம் நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் இந்தப் பதிவை வாசிப்பார், எங்களுக்குத் தெரியும். செலவுக் கணக்கு அவருடையது, அதில் நாங்கள் தலையிட முடியாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும் காக்கா. உங்கள் மகள் புத்தகத்தில் உள்ளதை அப்படியே நம்பாமல் காந்தத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் எங்களிடம் அப்படி ஒரு கேள்வியோடு வந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம்.

அவள் போவதற்கு முன் ஒரு வேலை செய்தோம். பழுதான கம்பியூட்டர் ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கழற்றினால் உள்ளே சின்னதாக, மிகச் சக்தியுள்ள காந்தம் இருக்கும். அதை எடுத்தோம். ஒரு வாரம் வளர்த்த துத்தப் பளிங்கை மெல்லிய நைலோன் இழையில் கட்டி, காற்றுப் படாமல் இருக்க அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலுக்குள் தொங்கவிட்டோம். ஆட்டம் அடங்கப் பத்து நிமிடம் பிடித்தது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மூச்சையும் அடக்கிக்கொண்டு காந்தத்தைக் கீழிருந்து மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோனாள். நீலக் கல் காந்தத்தின் பக்கம் சாய்ந்தது. எடுத்தாள், திரும்பிப் போனது. மறுபடி கொண்டுபோனாள், மறுபடி சாய்ந்தது.

போத்தலும் பளிங்கும் அப்படியே ஆய்வுகூட மேசையில் இருக்கின்றன. சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கதவு திறந்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். வீட்டில் பழுதான ஹார்ட் டிஸ்க் இருந்தால் வீசாமல் கொண்டு வாருங்கள்.